ஆறு மாட்டுச் சாணம்

சென்னை
14-6-1981

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ராமாத்தாளும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கிறோம். மச்சானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? உங்களுடைய கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

கண் எரிச்சலைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. புதுச்சத்திரத்தில் கோபர் கேஸ் போட எங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். முதல் கலன் உங்கள் வீட்டில். சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்துக் கிணறு மாதிரி கட்டிய தொட்டியில் ஊற்ற வேண்டும். உள்ளே அது புளித்து வாயு வரும். மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து குழாய் நேராக அடுப்புக்கு வரும். வாயு போனபின் வெளியே வரும் கழிவு முதல் தரமான எரு. விறகு வேண்டாம், புகை இல்லை, எதுவும் வீணாவதில்லை. மாடு இருக்கும் வரை தீராத எரிபொருள்.

அம்மா கடைசி ஆறு மாதம் இருமியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். "எத்தனை வருஷமா பீடி குடிக்கறாங்க?" என்று டாக்டர் கேட்டாரே, நினைவிருக்கிறதா? அம்மா குடித்ததெல்லாம் அடுப்புப் புகை. அன்றைக்கே மனதில் முடிவு செய்துவிட்டேன்.

படிவத்தை நானே நிரப்பிவிட்டேன். மாடு ஆறு. ஒரு நாள் சாணம் எழுபது கிலோ. கட்டுத்தரையில் கடைசியில் நிற்கிற இரண்டு மாட்டின் சாணம் எருக்குழிக்கு வராது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அதை "வீணாகும் சாணம்" என்ற இடத்தில் போட்டிருக்கிறேன். ஆறு மாட்டுக்குத் தகுந்த டிரம் வரும். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

மச்சானிடம் என் வணக்கத்தைச் சொல்லவும்.

தம்பி,
தண்டாயுதபாணி


புதுச்சத்திரம்
2-11-1981

தம்பிக்கு அக்கா சென்னியம்மாள் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ராமாத்தாளுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பு எப்படி?

டிரம் சேலத்திலிருந்து லாரியில் வந்தது. இறக்குவதற்கு எட்டு ஆள். பந்தல் போட்டு உட்காரவைக்காத குறைதான், ஊரே வந்து நின்று பார்த்தது. "உன்ற தம்பி காலேசுல படிச்ச படிப்புக்கு நம்மளச் சாணி கரைக்க உட்டுட்டானே" என்று உன் மச்சான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து வாரம் ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஒன்றும் வரவில்லை. ஐப்பசி முதல் வாரம் பற்றவைத்தேன். நீல நிறத்தில் குப்பென்று எரிந்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலக்காட்டு முத்தாயம்மாள் வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏனக்கா, சாணியில வெந்த சோறு நாறாதா?" என்றாள். ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "எங்கூட்டுக்கும் ஒண்ணு போடச் சொல்லக்கா" என்றாள்.

இப்போது காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழல் ஊத வேண்டியதில்லை. பாத்திரம் கரி பிடிப்பதில்லை. நீ செய்தது பெரிய காரியம்.

பாவாயியும் வந்து பார்த்தாள். நம் கட்டுத்தரையைக் கூட்டுகிறவளை உனக்கு நினைவிருக்கும். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஆமாம், உன் வீட்டில் என்ன அடுப்பு எரிகிறது? ராமாத்தாளுக்கும் இதுபோல ஒன்று போட வழி இருக்கிறதா?

அக்கா,
சென்னியம்மாள்


சென்னை
20-11-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். நான் சுகம். பிள்ளைகளுக்குச் சளி, வேறொன்றுமில்லை.

அடுத்த மாதம் போட்டோ எடுக்க ஆள் வருவார். அடுப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள், தலையில் பூ இருக்கட்டும். "விறகை மறந்த ஊர்" என்று ஒரு சிறு புத்தகம் போடப் போகிறோம். ஊருக்கு மொத்தம் ஒன்பது கலன் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் மாதத்துக்கு எத்தனை கட்டு விறகு மிச்சம் என்பதைச் சரியாக எழுதி அனுப்புங்கள். கணக்கு வேண்டும்.

அன்புடன்,
தண்டாயுதபாணி


புதுச்சத்திரம்
8-2-1982

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் மச்சானுக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சளி விட்டதா?

போட்டோக்காரர் வந்து நாலு படம் எடுத்தார். பூ வைத்துக்கொண்டேன். நீ கேட்ட கணக்கு: மாதத்துக்குப் பதினைந்து கட்டு விறகு மிச்சம். கழிவை வெங்காயத்துக்கு விட்டதில் பயிர் கருகருவென்று நிற்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, நீ கேட்கவில்லை. தினமும் ஆறு குடம் தண்ணீர் கரைக்க வேண்டியிருக்கிறது. கிணறு இப்போதே தை மாதத்தில் படி எட்டு இறங்கிவிட்டது.

பாவாயி வேலைக்கு வருவதில்லை. கட்டுத்தரையை நானே கூட்டுகிறேன். இடுப்பு வலிக்கிறது.

உன் வீட்டு அடுப்பு என்னவென்று எழுதவில்லையே.

அக்கா,
சென்னியம்மாள்


சென்னை
1-3-1982

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நாங்கள் சுகம். ஒன்பது கலனும் வேலை செய்வதாக அறிக்கை போய்விட்டது. கூட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள், ஊரில் ஆளா இல்லை? தண்ணீர் விஷயம் கோடையில் எல்லா ஊருக்கும் உள்ளதுதான். ஆடியில் மழை வரும்.

தம்பி,
தண்டாயுதபாணி


புதுச்சத்திரம்
30-6-1982

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபம் குறையவில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

உன் ஒன்பது கலனில் இன்றைக்கு எரிவது மூன்று. நாலில் தண்ணீர் இல்லாமல் கரைசல் காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிறது. இரண்டு கட்டவே இல்லை, குழிதான் இருக்கிறது. முத்தாயம்மாளின் டிரம்மில் கோழி அடைகிறது. நம் கிணற்றில் ஒரு நாளைக்கு இருபது குடம் ஊறுகிறது. தீனி இல்லாமல் எருது இரண்டையும் சந்தையில் விற்றுவிட்டோம். மிச்சம் நாலு மாடு, அவற்றுக்குப் பத்துக் குடம். கலனுக்கு நாலு. மீதி ஆறில் குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து கொடுத்தாய், அது தண்ணீரைக் குடிக்கிற மருந்து.

இப்போது பாவாயி விஷயம். இதை நான் உனக்கு எழுதாமல் மறைத்தேன்.

கட்டுத்தரையில் கடைசி இரண்டு மாட்டுச் சாணம் எருக்குழிக்கு வராது என்று எழுதினாய். ஏன் வராது என்று உனக்குத் தெரியுமா? அது பாவாயியின் கூலி. கட்டுத்தரை கூட்டுகிறவளுக்கு இரண்டு மாட்டுச் சாணம். அவள் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். தினமும் கூடையில் அள்ளிக்கொண்டு போய் வறட்டி தட்டுவாள், அதில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். அதே வீட்டில் பிறந்து வளர்ந்த நீ, பத்தொன்பது வருஷம் அந்தக் கூடை வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்த நீ, அதைத்தான் வீணாகும் சாணம் என்று எழுதியிருக்கிறாய். நாலு மாட்டுக்கு அளந்து சின்ன டிரம்மாகப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆறு மாட்டுக்குப் போட்டாய். ஆறு மாட்டுச் சாணமும் போனால்தான் அது முழுதாக எரியும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். முதல் நாள் அடுப்பு எரிந்தபோது பாவாயி ஒன்றும் சொல்லாமல் போனாள் என்று உனக்கு எழுதினேன். பொய். அவள் சொன்னது இது: "ஏனுங்காத்தா, எரியறது நல்லா இருக்குதுங்க. எம் பங்குச் சாணி எங்கீங்க?"

அதற்குப் பதில் மாதம் நாலு படி சோளம் கூடத் தருகிறேன் என்றேன்.

"சோளத்த எதுலீங்க வேக வெப்பேன்?" என்றாள். அன்றோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

அவள் இப்போது எதை எரிக்கிறாள் தெரியுமா? குச்சிக்கிழங்கு பிடுங்கியபின் காட்டில் மிஞ்சுகிற குச்சியை எல்லாம் செங்கல் சூளைக்கு விற்றுவிடுகிறார்கள். கரட்டுக் குன்றில் சுள்ளி பொறுக்கினால் காவலாள் அரிவாளைப் பிடுங்கிக்கொள்கிறான். அதனால் நாமக்கல் ரோட்டோரம் லாரி டயரிலிருந்து உரிந்து கிடக்கிற ரப்பர்த் துண்டுகளைக் கோணிச் சாக்கில் பொறுக்கி வந்து எரிக்கிறாள். எதையும் வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று நீங்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறீர்களே, அவள் கூட்டத்துக்கு வராமலே செய்கிறாள். அவள் வீட்டுக்கு மேலே நாள் முழுக்கக் கறுப்புப் புகை நிற்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் என் நீல அடுப்புக்கு முன்னால் நின்று நான் இருமுகிறேன்.

உன் வீட்டில் என்ன அடுப்பு? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

சென்னியம்மாள்


சென்னை
12-8-1982

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. மச்சானுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அந்தக் கூலி விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒருத்திக்குக் கஷ்டம் என்பதற்காக எல்லோரும் விறகே எரிக்க வேண்டுமா? கரட்டில் நான் சின்ன வயதில் பார்த்த மரங்களில் இன்று எத்தனை நிற்கிறது? இன்னும் இருபது வருஷத்தில் ஒன்றும் இருக்காது. அம்மா செத்த மாதிரி இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும்? புதிதாக ஒன்று வரும்போது ஓரத்தில் சிலருக்கு இடிக்கத்தான் செய்யும். பிறகு சரியாகும். பாவாயிக்கு வேறு ஏதாவது வழி செய்யலாம்.

அக்டோபர் மாதம் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். வருவது உங்கள் வீட்டுக்குத்தான். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மற்ற வீட்டுச் சாணத்தையும் வாங்கி ஊற்றுங்கள். தண்ணீருக்கு வண்டி அமர்த்திக்கொள்ளுங்கள். அன்று ஒரு மணி நேரம் அடுப்பு நன்றாக எரிந்தால் போதும். என் பதினோரு வருஷ உழைப்பு இதில் இருக்கிறது. மாவட்டம் முழுவதும் இதை விரிவாக்கும் பொறுப்பை எனக்குத் தருவதாகப் பேச்சு.

உங்களைத் தவிர நான் யாரிடம் கேட்க முடியும்?

தம்பி,
தண்டாயுதபாணி


புதுச்சத்திரம்
25-9-1982

தம்பிக்கு,

உன் மச்சானுக்குத் தைலம் வந்தது. நாங்கள் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

பாவாயி மகள் கந்தம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆவணி நடுவில் பெண் குழந்தை. பிள்ளை பெற்றவளுக்குத் தினமும் இரண்டு அண்டா வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியாவிட்டால் ராமாத்தாளைக் கேள். அந்த இரண்டு அண்டாவையும் பாவாயி டயரில்தான் காய வைத்தாள். தாழ்ந்த கூரை, ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் குழந்தை. பன்னிரண்டாம் நாள் குழந்தை மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூக்கைத் துடைத்தால் துணியில் கரி வருகிறது என்று பாவாயி ஓடி வந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு என் வாசலுக்கு அவள் வந்தது அன்றுதான்.

"ஆத்தா, புள்ள நீலமாப் போகுதுங்க. வண்டி கட்டச் சொல்லுங்க சாமி."

வண்டி கட்ட எருது இல்லை, விற்றாகிவிட்டது. உன் மச்சான் ரோட்டுக்கு ஓடி ஒரு லாரியை நிறுத்தி ஏற்றிவிட்டார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. தொண்டையில் மட்டும் ஒரு கரகரப்பு நிற்கிறது, அழுதால் சத்தம் முழுதாக வருவதில்லை. "இந்த வீட்டில் யார் பீடி குடிக்கிறது?" என்று டாக்டர் கேட்டாராம். அம்மாவுக்குக் கேட்ட அதே கேள்வி. அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இதற்குப் பன்னிரண்டு நாள்.

ஓரத்தில் சிலருக்கு இடிக்கும் என்று எழுதினாய். ஓரம் எது என்று இப்போது தெரிகிறதா?

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பிய அன்றே இரண்டு மாட்டுச் சாணத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வறட்டி காயப் பத்து நாளாவது ஆகும், அதுவரை டயர்தான் என்கிறாள். கலனுக்கு இனி இரண்டு மாட்டுச் சாணம்தான். அது பத்து நிமிஷம் எரிகிறது.

சென்னியம்மாள்


[அஞ்சல் அட்டை]

சென்னை, 29-9-82

அக்காவுக்கு வணக்கம். குழந்தை பிழைத்தது கேட்டு நிம்மதி. 14-10 காலை பத்து மணிக்கு அதிகாரி வருவது உறுதி. அந்த ஒரு வாரம் மட்டும் சாணத்தைக் கலனுக்கு விடுங்கள். பிறகு எப்படியும் செய்துகொள்ளலாம். நானும் கூட வருவேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். – பாணி


புதுச்சத்திரம்
20-10-1982

தம்பிக்கு அக்கா எழுதுவது.

ஜீப்பில் உன்னைத் தேடினேன். காய்ச்சல் என்றார்கள். இப்போது தேவலையா?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பிறகு யார் என்ன சொன்னாலும் உன்னிடம் இது இருக்கட்டும்.

பத்தரைக்கு வந்தார்கள். அதிகாரியும் கூட இரண்டு பேரும். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்தார். மற்ற வீட்டுச் சாணத்தை நான் வாங்கவில்லை. வண்டித் தண்ணீர் வாங்கவில்லை. பாவாயியின் பங்கில் கை வைக்கவில்லை. காப்பிக்குப் பாலை வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. "பிரமாதம்" என்றார். பக்கத்தில் நின்றவர் எழுதிக்கொண்டார். பால் ஓரத்தில் நுரை கட்டுவதற்குள் அடுப்பு இரண்டு தடவை துடித்து அணைந்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"அவ்வளவுதானுங்க. மீதியக் காய வெக்க வேற அடுப்புக்குப் போகோணும், வாரீங்களா?" என்று கேட்டுப் பால் பாத்திரத்தைக் கையில் எடுத்தேன்.

உன் மச்சான் முறைத்தார். நான் நின்று பார்க்கவில்லை. வெயிலில் அவர்கள் மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள். பாவாயியின் வீடு நம் கட்டுத்தரையிலிருந்து முந்நூறு அடி. பிறந்ததிலிருந்து இதே வீட்டில் இருந்தும் அவள் வீட்டு வாசற்படியை நான் மிதித்தது அன்றுதான் முதல் தடவை. இதையும் எழுதிவைக்கிறேன்.

மழைக்கால ஈரத்தில் வறட்டி இன்னும் காயவில்லை. கந்தம்மாளுக்கு வெந்நீர் வைக்க டயரைத்தான் எரித்துக்கொண்டிருந்தாள் பாவாயி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கந்தம்மாள் வெளியே வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தாள். நான் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். அதிகாரி குனிந்து உள்ளே வந்தார், ஒரு மூச்சு இழுத்தார், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வெள்ளைச் சட்டையில் கரி பூ மாதிரி விழுந்திருந்தது.

இருமி முடித்துவிட்டு, "ஏம்மா, இதைப் போய் எரிக்கிறே? ஊர்லதான் சாண எரிவாயு இருக்கே!" என்றார்.

"இருக்குதுங்க சாமி" என்றாள் பாவாயி. "எம் பங்கத் தின்னுதானுங்க அது எரிஞ்சுது."

அவருக்குப் புரியவில்லை. நான் புரியவைத்தேன். இரண்டு மாட்டுச் சாணம், படிவத்தில் நீ எழுதியது, நான் கையெழுத்துப் போட்டது, ஒன்றையும் விடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "எழுதிக்கோங்க. இந்த அம்மாவுக்கும் ஒரு கலன் முன்னுரிமையில கொடுக்கணும்" என்றார். அவரும் எழுதிக்கொண்டார்.

பாவாயி சிரித்துவிட்டாள். "நல்லதுங்க சாமி. கலன் நீங்க குடுங்க. மாட்டை ஆரு குடுப்பாங்க? எனக்கு இருக்கறது ரெண்டு வெள்ளாடுங்க. அது போடற புழுக்கையில பீடிகூடப் பத்தாதுங்களே."

கூட வந்தவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று அதிகாரி முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் குழந்தை அழுதது. அழுகை உனக்கு எப்படி எழுதுவது? துருப்பிடித்த கீல் மாதிரி. அவர் குழந்தையின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், ரப்பர் வாசனை. டம்ளரை மெதுவாக வாசல் திண்டில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

உன் மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதிகாரியைப் பாவாயி இருக்கிற வளவுக்குக் கூட்டிப் போனதற்கா, உன் மானம் போனதற்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் என்றார்.

உனக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. ஆனால் நீ கேட்டதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுகிற கை எனக்கு இருந்திருக்காது.

அக்கா,
சென்னியம்மாள்


சென்னை
30-1-1983

அக்காவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. சேலத்தில் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "வீணாகும் சாணம்" என்ற இடத்துக்குப் பக்கத்தில் "இப்போது அதை எடுத்துக்கொள்வது யார்?" என்று ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். படிவம் ஏற்கெனவே இருபதாயிரம் அச்சாகிவிட்டது என்று அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரிவாக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அவர் அதே படிவத்தைத்தான் எடுத்துப் போகிறார்.

புத்தகமும் அக்டோபருக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டது. நிறுத்த முடியவில்லை. அட்டையில் உங்கள் படம். ஊருக்கு நாற்பது பிரதி வரும்.

நீங்கள் மூன்று தடவை கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சிலிண்டர். கல்யாணமான வருஷத்திலிருந்தே.

தண்டாயுதபாணி


புதுச்சத்திரம்
15-3-1983

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் மச்சானுக்கு முழங்கால் வலி ஒரு வழியாகக் குறைந்தது. ராமாத்தாளையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். சித்திரை நோன்புக்கு வா. நான் திட்டுவேன். திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போ.

சிலிண்டர் என்று நீ எழுதியதைப் படித்துக் கோபப்படவில்லை. எழுதாமல் இருந்த பதினைந்து மாதத்துக்குத்தான் கோபம்.

இங்கே உள்ள நிலைமை இது. கலனை மூடிவிட்டோம். நான் விறகுக்குத் திரும்பிவிட்டேன். சீமைக்கருவேல முள்ளும் குச்சிக்கிழங்குக் குச்சியும் எரிக்கிறேன். கண் எரிகிறது, காலையில் இருமல் வருகிறது. விறகு நல்லது என்று நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதே. அந்த நீல நெருப்பை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். அது பொய் இல்லை. அதற்கு யார் வீட்டு உலையிலிருந்து எடுத்து ஊற்றினோம் என்பதை நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அதுதான் பொய். கரட்டில் மரம் இல்லை என்றாய், உண்மை. கிணற்றில் தண்ணீர் இல்லை என்றேன், அதுவும் உண்மை. சேர்த்துப் போட்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எழுதுவதற்கு உன் படிவத்தில் ஓர் இடம் விட்டிருக்கலாம்.

பாவாயி கட்டுத்தரை கூட்ட வருகிறாள். கடைசி இரண்டு மாட்டுச் சாணம் அவளுக்கு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது, குப்புற விழுகிறது. குரல் இன்னும் சரியாகவில்லை.

உன் புத்தகம் நாற்பதும் போன வாரம் வந்தது. நம் வீட்டுத் திண்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அட்டையில் நான் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே பெரிய எழுத்தில் "புதுச்சத்திரம்: விறகை மறந்த ஊர்". பாவாயிக்கு வாசித்துக் காட்டினேன். "ஆருங்காத்தா மறந்தது?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு நல்லா இருக்குதுங்க. ஈர வறட்டி பத்த வெக்க ஆகுமுங்களா?"

எடுத்துக்கொள் என்றேன். கூடையில் வைத்து எடுத்துப் போனாள். ஒரு நாளைக்கு ஒரு புத்தகம், நாற்பது நாளைக்கு வரும்.

நேற்றுக் கேட்டேன். உள்ளே இருக்கிற தாள் நன்றாகப் பற்றுகிறதாம். என் படம் போட்ட அட்டை மட்டும் எரிவதில்லை, புகைகிறதாம்.

அக்கா,
சென்னியம்மாள்